மூணுபின்காரர் தெரு

என் அக்கா வீட்டுக்காரர் சாவு வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவிட்ச் போர்டைத்தான் பார்ப்பார். இறந்தவர் எங்கும் ஓடிவிடப் போவதில்லை, அவர் தலைமாட்டில் சுற்றுகிற பெடஸ்டல் ஃபேன்தான் துணைக்கு இன்னொருவரை அனுப்பிவைக்கும் என்பது அவர் கட்சி. எங்கள் பெரியப்பா தவறியபோது, கூடத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் குனிந்து ஃபேன் பிளக்கைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல மூணாவது பின்னை எவன் அறுத்தது?" என்று கேட்டார். பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவருதான்," என்று பெரியப்பாவைக் காட்டினார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாராலும் சரியாக அழ முடியவில்லை.

தெருவில் அவருக்கு மூணுபின்காரர் என்று பேர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் பிடித்த பிளக்குக்கு மூன்று கால் இருந்தே ஆகவேண்டும். அந்த மூன்றாவது கால்தான் எர்த். மெஷினில் கசிகிற கரண்டு மனுஷன் உடம்பில் ஏறாமல் மண்ணுக்குள் இறங்கிப் போகிற வழி அது. முக்கால்வாசி வீடுகளில் அதை அறுத்து எறிந்துவிடுவார்கள், சுவரில் இருப்பது இரண்டு ஓட்டை என்பதால். ஓட்டைக்கு ஏற்ற மாதிரி பிளக்கை வெட்டுவதுதான் நம் ஜனங்களின் பொறியியல்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் எலக்ட்ரீஷியன், நான் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். அதாவது மீட்டர் வரைக்கும் என் ராஜ்யம், மீட்டருக்கு உள்ளே அவர் ராஜ்யம்.

மாமாவுக்கு ஞானம் பிறந்தது இருபத்திரண்டு வயதில், ஒரு வாஷிங் மெஷினுக்கு அடியில். யாரோ ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தபோது ஈரத் தரையில் உட்கார்ந்து மெஷினைத் தொட்டிருக்கிறார். அது அவரைத் தூக்கித் துணி காயப்போடுகிற கொடியில் வீசியிருக்கிறது. வீட்டுக்காரம்மாள் ஓடிவந்து, "ஐயோ, வெள்ளைத் துணிப்பா!" என்றாளாம். அன்றிலிருந்து அவருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை போய், மண் மேல் வந்தது.

கல்யாணப் பேச்சுக்காக முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். டீ டம்ளரைக் கையில் வாங்கியவர் எங்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு போர்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "என்னைப் பாக்கவே இல்லடா. சுவிட்ச் போர்டைத்தான் பாத்தாரு," என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். அப்பாவுக்கு மட்டும் பரம திருப்தி. வந்த மாப்பிள்ளைகளில் வீட்டுக்கு உபயோகமாக ஏதாவது செய்துவிட்டுப் போனவர் இவர் ஒருவர்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்கா குடிபோன தெருவில் பன்னிரண்டு வீடு, முனையில் ஒரு டெய்லர் கடை. அந்தத் தெருவின் பெரிய மனிதர் ஒரு ரிட்டயர்டு மேனேஜர். எதை மேனேஜ் செய்தார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் விட்டபாடில்லை. அவர் வீட்டில் சினிமாத் திரை அளவுக்கு ஒரு டி.வி. வாங்கினார்கள். இடி இடித்தால் கரண்டு எகிறி டி.வி. போய்விடும் என்று யாரோ சொல்ல, சர்ஜ் தாங்குகிற பட்டைப் பெட்டிகள் நான்கு வாங்கினார். ஒன்றே போதும் என்பதை அவர் அந்தஸ்து ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றில் ஒன்றைச் செருகி, அதில் இன்னொன்றைச் செருகி, கடைசியில் டி.வி.யைச் செருகிவிட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எப்படி? நாலு காவல்! எந்த இடி வந்தாலும் நாலு பேரைத் தாண்டித்தான் டி.வி.யைத் தொடணும்."

மாமா முதல் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். மூன்றாவது கால் இல்லை. மழமழவென்று அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து வேறு வைத்திருந்தது.

"சார், வர்ற அதிகப்படி கரண்டைப் புடிச்சு மண்ணுக்குள்ள தள்ளத்தான் இந்தப் பெட்டி. நீங்க மண்ணுக்குப் போற வழியையே அறுத்துட்டீங்களே. புடிச்சதை எங்க தள்ளும்?"

"அதான் அடுத்த பெட்டி இருக்கே!"

"அது அதுக்கு அடுத்ததுல தள்ளும். கடைசியில டி.வி.யில தள்ளும். நாலு காவக்காரன், நாலு பேரும் திருடனுக்குக் கதவத் தொறந்து விடுறவன்."

மேனேஜர் சிரித்தார். எலக்ட்ரீஷியன் வேலை வேண்டுமென்று பயமுறுத்துகிறான் என்று எல்லோரிடமும் சொன்னார். அடுத்த கோடை மழையின் முதல் இடியில் டி.வி., ஃபிரிட்ஜ், காலிங் பெல் மூன்றும் ஒரே சமயத்தில் சிவலோகம் போயின. நான்கு காவல் பெட்டிகளுக்கும் ஒரு கீறல் இல்லை, அவை இன்றும் நன்றாக இருக்கின்றன.

அதற்குப் பிறகு மாமா அவர் தோட்டத்தில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினார். ஒரே வாரத்தில் மேனேஜர் போகிற வருகிறவர்களைக் குழியருகே நிறுத்தி, "எர்த் இல்லாம எல்லாம் வேஸ்ட்டு, தெரியுமோ?" என்று பாடம் எடுக்கத் தொடங்கினார். மண்ணைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்பது போல இருந்தது. மாமா கண்டுகொள்ளவில்லை. ஊர் திருந்தினால் போதும் என்பார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது. பிடிக்காத குணமும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது, அது பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஜெனரேட்டர் மோகம் வந்தது. எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் மழைக்கும் படுக்கும், வெயிலுக்கும் படுக்கும், ஒன்றுமில்லாவிட்டால் அலுப்புக்குப் படுக்கும். ஒருவர் வாங்கினார் என்று அடுத்தவர் வாங்கி, கடைசியில் டெய்லரைத் தவிர தெருவில் எல்லோரிடமும் ஜெனரேட்டர். கரண்டு போனால் பேச்சே கேட்காது. புருஷன் பெண்டாட்டி சண்டைகள் பாதியாகக் குறைந்தன.

ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்க ஒழுங்கான வழி சேஞ்ச்ஓவர் சுவிட்ச். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் தெருக் கரண்டு, மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், இரண்டும் ஒருநாளும் ஒட்டாது. ஒழுங்கில்லாத வழி, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவரில். வீடு முழுக்க ஜோராக எரியும். மெயினை அணைக்க மறந்தால் கரண்டு வீட்டோடு நிற்காது, வந்த வழியே திரும்பித் தெருக் கம்பிக்கு ஏறும். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பியில் கைவைக்கிற லைன்மேனின் கதை அங்கே முடியும். அந்த லைன்மேன் வேலை என்னுடையது என்பதால் இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மாமா இந்த ரெட்டைத்தலை வயரைக் கண்டால் சாமி வந்தவர் மாதிரி ஆடுவார். தெருவில் வைத்தே கட்டிங் பிளேயரால் வெட்டுவார். மதில் சுவரில் சாக்பீஸால் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, கரண்டு எப்படித் திரும்பி ஓடும் என்று கத்திக் கத்திச் சொல்வார். காய்கறி வாங்கப் போன பெண்கள் கூடையோடு நின்று கேட்பார்கள். "உங்க வீட்டு ஃபேன் ஓடணும்னு ஒருத்தன் உசுரு போகணுமா?" என்று அவர் கேட்டால் அந்தச் சத்தத்துக்கே மனம் திருந்திவிடும். ஒரே வருஷத்தில் பதினொரு வீட்டிலும் சேஞ்ச்ஓவர் போட்டுவிட்டார். மேனேஜர் வீட்டில் பிடுங்கிய ரெட்டைத்தலை வயர் மட்டும் நல்ல தடிமனான செம்பு வயர் என்பதால், வெட்ட மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பதினொரு வீடு என்றேன். தெருவில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டாவது அவருடையது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் போட்டீங்க, நமக்கு?" என்று அக்கா கேட்பாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு வருஷமாக வந்துகொண்டிருந்தது. அதுவரை தற்காலிகமாக, சும்மா ஒரு அவசரத்துக்கு, மேனேஜர் வீட்டு ரெட்டைத்தலை வயர். மற்றவர்களைப் போல அவர் மறக்கிறவர் இல்லையாம். ஜெனரேட்டர் கயிற்றை இழுப்பதற்கு முன் வாசலுக்குப் போய் மெயினை அணைப்பார். தொழில் தெரிந்தவன் கையில் பாம்பும் கயிறுதான் என்று அவர் நினைப்பு. வீடுகளுக்குச் சட்டம் போடுகிறவர்களின் வீடுகள் சட்டத்துக்கு வெளியே இருப்பது ஒன்றும் புதிதில்லையே.

இனி என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் ஏறுவதற்கு முன் எங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். பிறகு நீளக் கொம்பில் கொக்கி வைத்த எர்த் ராடை எடுத்து, அதன் சங்கிலியை மண்ணில் அடித்த கம்பியில் பூட்டிவிட்டு, கொக்கிகளை எல்லாக் கம்பியிலும் மாட்ட வேண்டும். எங்கிருந்தாவது திருட்டுக் கரண்டு வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும், அதற்கு மேல்தான் கை வைக்கலாம். ராடு கனம், சங்கிலி சிக்கும், வெயிலில் கால் மணி நேரம் பிடிக்கும். மற்றத் தெருக்களில் ஒழுங்காகச் செய்வேன். அக்கா தெருவில் மட்டும் செய்ய மாட்டேன். என்னோடு வருகிற கூட்டாளி, எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மகான், ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டார். "இது எங்க மாமா தெரு. இங்க பின்னாடி கரண்ட்டு வராது," என்றேன். அப்படி ராடு இல்லாமல் அந்தத் தெருவில் பதினோரு தடவை ஏறியிருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை அடித்த காற்றில் அந்தத் தெருவில் மரக்கிளை முறிந்து லைன் மேல் விழுந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு நானும் கூட்டாளியும் போனோம். தெரு முழுக்க ஜெனரேட்டர் இரைச்சல். டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃபியூஸையும் பிடுங்கி என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். கம்பத்தில் ஏணியைச் சாத்தினோம். வேலை நடக்கிற இடத்தில் வேலையில்லாதவர்கள் கூடுவது உலக வழக்கம், கூடிவிட்டார்கள். நடுநாயகமாக மேனேஜர், அவர் பக்கத்தில் மாமா.

"ஏறு மாப்ள. நம்ம தெரு. ஒவ்வொரு வீடும் நான் கைவச்சது," என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

நான்கு படி ஏறியிருப்பேன். முனைக் கடையிலிருந்து டெய்லர் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஓடிவந்தார்.

"கரண்ட்டு வந்துடுச்சு! கரண்ட்டு வந்துடுச்சு!"

அவர் கடையில் மெஷினுக்கு மேல் தொங்கும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. மேனேஜர் என்னை அண்ணாந்து பார்த்து, "வெரி குட்! ஏணி வச்சதும் கரண்ட்டு வந்துடுச்சு பாருங்க, இதான் சர்வீஸ்," என்றார்.

என் பையில் மூன்று ஃபியூஸும் கனத்துக்கொண்டு கிடந்தன. நான் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆபீஸ் கரண்டு வர வழியே இல்லை. டெய்லரிடம் ஜெனரேட்டரும் இல்லை. பிறகு அந்த பல்பு யார் கரண்டில் எரிகிறது? ஏணியோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

"என்ன மாப்ள, ஏன் எறங்குற?"

"மாமா, லைன்ல கரண்ட்டு இருக்கு."

"அதெப்படி இருக்கும்? டெய்லர் இன்வர்ட்டர் வாங்கியிருப்பாரு."

"எங்கிட்ட டார்ச் லைட்டுகூட இல்லண்ணே," என்றார் டெய்லர்.

"அப்படின்னா கம்பியில ஈரம். எதாவது ஒண்ணு. பின்னாடி கரண்ட்டு இந்தத் தெருவுல வராது. நான் சொல்றேன், ஏறு."

"ராடு போடாம ஏற மாட்டேன்."

மாமாவின் முகம் சுருங்கியது. அத்தனை பேர் முன்னால் இப்படி அவரிடம் நான் அதுவரை பேசியதில்லை.

"எங்கிட்டயேவா ராடு? இந்தத் தெருவுக்கே நீ ராடு போட்டதில்லையே. உங்க அக்காவ எனக்குக் கட்டிக் குடுத்தப்ப சந்தேகப்பட்டியா?"

"அக்கா ஷாக் அடிக்காது மாமா."

"அது உனக்கெங்க தெரியும்!" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு மதிலோரமாகத் தள்ளி நின்றுகொண்டார்.

கூட்டாளி முனகிக்கொண்டே வண்டிக்குள் கிடந்த சாக்குகளை விலக்கி ராடைத் தேடி எடுத்தார். அதன் மேல் ஒரு சிலந்தி நேற்றிரவுதான் குடிவந்திருந்தது. சங்கிலியின் சிக்கை எடுத்து, மண்ணில் கம்பி அடித்து, பூட்டினேன். எல்லோரையும் பின்னால் போகச் சொல்லிவிட்டு, கீழே நின்றபடியே கொம்பைத் தூக்கிக் கொக்கிகளை மாட்டினேன்.

டப்பென்று ஒரு வெடி. நீலமாக ஒரு வெளிச்சம். டெய்லர் கடை பல்பு அணைந்தது. எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் தொண்டையைப் பிடித்து நெரித்த மாதிரி உறுமி, இருமி, நின்றுபோனது.

நான் கையைப் பார்த்துக்கொண்டேன். இந்தக் கையால்தான் அந்தக் கம்பியைப் பிடிக்க இருந்தேன். இன்னும் ஆறு படி ஏறியிருந்தால் போதும்.

மாமாதான் முதலில் சுதாரித்தார். அடிபட்டிருந்த அவர் மானம் ஒரே தாவில் எழுந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் தூக்கினார்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! இதைத்தான் நான் நாலு வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன்! எவனோ ஒரு படுபாவி நான் போட்ட சேஞ்ச்ஓவரக் கழட்டிட்டு வயரைச் செருகியிருக்கான். இவன் பொண்டாட்டி தாலிய அறுக்கப் பாத்திருக்கான்! எவன்னு இப்பவே தெரிஞ்சுடும். சத்தம் போடாதீங்க. எந்த வீட்டு ஜெனரேட்டர் நின்னுதுன்னு கேளுங்க!"

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் பதறிப்போய், "என்னுது ஓடுது, கேக்குதா? அந்தக் கரகர சத்தம் என்னுது," என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையதைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொருவரும் தங்கள் ஜெனரேட்டரின் குரலைப் பெற்ற பிள்ளையின் குரல் போல அடையாளம் சொன்னார்கள். மாமா விரலை விட்டு எண்ணிக்கொண்டே தெருவில் நடந்தார். ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றில் விரல் நின்றது.

அப்போதுதான் கடைசி வீட்டுக் கேட் திறந்தது. அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம ஜெனரேட்டர் திடீர்னு நின்னுபோச்சு. கொஞ்சம் வந்து பாருங்க. முட்டையெல்லாம் ஆறுது."

அக்கா வீட்டுப் பின்னறையில் குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்று வைத்திருக்கிறாள். நூற்றிருபது முட்டை, பத்தொன்பதாவது நாள், சூடு குறைந்தால் அத்தனையும் போய்விடும். இரவெல்லாம் ஓடிய ஜெனரேட்டர் கொஞ்சம் ஆறட்டும் என்று காலையில் நிறுத்திய மாமா, தெருக் கரண்டு வந்தால் தெரியட்டும் என்று மெயினைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். பெட்டியில் சூடு இறங்குவதைப் பார்த்த அக்கா, நான்கு வருஷமாக அவர் செய்வதைப் பார்த்தது போலவே வயரைச் செருகி, கயிற்றை இழுத்திருக்கிறாள். மற்றப் பதினொரு வீடும் சேஞ்ச்ஓவரில் தெருக் கம்பியை விட்டு விலகியிருந்ததால் அவள் அனுப்பிய கரண்டை உறிஞ்ச ஆளில்லை. அது நேராகக் கம்பியில் ஏறி, டெய்லரின் ஒற்றை பல்பை ஏற்றிவிட்டு, எனக்காகக் காத்திருந்தது. மாமா தெருவுக்குச் செய்த நல்ல காரியம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சின்ன ஜெனரேட்டர் பாரம் தாங்காமல் அப்போதே படுத்திருக்கும்.

மேனேஜருக்கு முகத்தில் வந்த சந்தோஷத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. "மூணு பின்னும் சரியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாமா எண்ணிய விரலை மடக்கிக் கையைக் கீழே போட்டார். அக்கா கூட்டத்தையும் சாத்திய ஏணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னடா ஆச்சு? ஏன் இப்படி வேர்த்திருக்கு உனக்கு?"

"நீ ஜெனரேட்டர் போட்டப்ப மெயின ஆஃப் பண்ணியாக்கா?"

"மெயினா? அதை எதுக்குடா ஆஃப் பண்ணணும்?" என்றவள் மாமாவைப் பார்த்தாள். "இவரு எப்பவும் வாசப்பக்கம் போயிட்டுத்தான் வருவாரு. மழை வருதான்னு பாக்கப் போறாருன்னு நெனச்சேன்."

சாக்பீஸ் படம் போட்டுத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். காய்கறிக்காரியிடமும் சொன்னார். ஜெனரேட்டர் வைத்த பின்கட்டில், தினமும் கூடவே நிற்கிறவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அவளுக்கு இதெல்லாம் எதற்கு, நான்தான் இருக்கிறேனே என்ற நினைப்பு. எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கம்பத்தில் சாக இருந்ததற்காகக்கூட இல்லை. நான் கருகிக் கிடந்திருந்தால், தம்பியைத் தானே கொன்றதாக அக்கா ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். ஏன் என்றே தெரியாமல் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

ஆனால் கோபப்பட எனக்கும் யோக்கியதை இல்லை. ஏற்கெனவே ஏறிய அந்தப் பதினோரு தடவையும் அவர் வீட்டு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்தப் பதினோரு தடவையும் ஒரு மனிதன் மறக்காமல் வாசலுக்குப் போனான் என்பதுதான் என் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. நான் அதற்கு உறவு என்று பேர் வைத்து, ராடைச் சாக்குக்கு அடியில் போட்டிருந்தேன்.

மாமா போய் மெயினை அணைத்து, அந்த வயரைப் பிடுங்கி வந்த பிறகு வேலையைத் தொடர்ந்தோம். மாமாவே ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் கால் வைக்கப் போனபோது, "மாப்ள, இன்னொரு தடவ டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு ஏறு," என்றார். பார்த்துவிட்டு ஏறினேன். கிளையை வெட்டி, கம்பியை இழுத்துக் கட்டி, மதியத்துக்குள் கரண்டு கொடுத்துவிட்டோம். அக்கா கம்பளி போர்த்திக் காத்த முட்டைகள் பிழைத்தன.

சாயங்காலம் வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல் சுவரில் புது சேஞ்ச்ஓவர். நான்கு வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் வந்து இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மாமா கையைத் துடைத்துக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வா. இதை எப்படித் தள்ளணும்னு சொல்லித் தர்றேன்."

அக்கா அவரைத் தாண்டிப் போய், கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

"இங்கேருந்தே கேக்குறேன். தெருவுல நிக்கிறவங்களுக்குத்தானே நீங்க சொல்லுவீங்க? சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

"இப்படித் தள்ளினா தெருக் கரண்ட்டு. இப்படித் தள்ளினா ஜெனரேட்டர். ரெண்டும் ஒண்ணு சேராது."

"சேந்தா?"

"சேந்தா நம்ம கரண்ட்டு வெளிய போகும். கம்பிக்கு ஏறும்."

"ஏறினா?"

நூறு தடவை அவர் வாயால் நான் கேட்ட பாடம். தெரு அதிரச் சொல்லுவார். இப்போது தலையைக் குனிந்துகொண்டு கைப்பிடியை மேலும் கீழும் தடவினார்.

"கம்பத்துல ஆள் இருந்தா செத்துருவான்."

அக்கா மதில் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"யாரு?"

"லைன்மேன்."

"யாருன்னு கேட்டேன்."

"உன் தம்பி," என்றார் மாமா.